பாத் நகரத்தின் கொல்லைப்புறம்

அம்மாவுக்குப் பதினைந்து வருடமாக முழங்கால் வலி. தைலம், ஒத்தடம், மாத்திரை, பத்தியம் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. தம்பி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு மார்ச் மாதத்தில் நாங்கள் இருவரும் அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். "பக்கத்திலேயே வெந்நீர் ஊற்று ஊர் ஒன்று இருக்கிறது அம்மா. ரயிலில் கால் மணி நேரம்தான். மூட்டு வலிக்காரர்கள் காலங்காலமாகப் போகும் இடம்" என்று அவன் சொன்னான். அம்மா மறுநாளே புறப்படத் தயாராகிவிட்டார். பையில் மாற்றுப் புடவை, துண்டு, ஒரு சின்னச் செம்பு. குளிக்கப் போகிறோம் என்றால் அவர் அப்படித்தான் போவார்.

அந்த ஊரின் பெயரே பாத், அதாவது குளியல். ரோமானியர்கள் அதை அக்வே சூலிஸ் என்று அழைத்தார்கள். சூலிஸ் என்ற தெய்வத்தின் நீர் என்று பொருள். ரோமானியர் வருவதற்கு முன்பே இந்த ஊற்றைத் தெய்வமாகக் கும்பிட்ட உள்ளூர் மக்களின் தெய்வம் சூலிஸ். வந்தவர்கள் தங்கள் மினர்வாவை அவளோடு சேர்த்து, சூலிஸ் மினர்வா என்று பெயரிட்டுக் கோயில் எழுப்பினார்கள். கி.பி. 60களிலும் 70களிலும் எழுந்த கோயில் அது.

பெரிய குளத்தை முதலில் மேல்தளத்திலிருந்து பார்த்தோம். பச்சை நிறத்தில் ஆவி பறக்கும் தண்ணீர். நாற்புறமும் படிகள். "தெப்பக்குளம்!" என்றார் அம்மா. எனக்கும் அதுதான் தோன்றியது. ரோமானியர் காலத்தில் குளத்துக்கு மேல் உயர்ந்த வளைவுக் கூரை இருந்தது. கூரை போய் வெயில் படத் தொடங்கிய பிறகுதான் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையானது. மேல்தளத்தில் வரிசையாக நிற்கும் பேரரசர்களின் சிலைகளும் ரோமானியர் வைத்தவை அல்ல, 1890களில் வைக்கப்பட்டவை. தூண்களின் அடிப்பகுதி ரோமானியருடையது, அதற்கு மேலே இருப்பது விக்டோரியா காலத்துக் கட்டுமானம். குளத்தின் அடியில் 45 காரீயத் தகடுகள் பாவப்பட்டிருக்கின்றன. ஆழம் 1.6 மீட்டர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தத் தகடுகள் நீர் ஒழுகாமல் காத்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால் இறங்கிக் குளிக்க முடியாது. 1978இல் இந்த ஊற்று நீரில் நீந்திய ஓர் இளம்பெண், நீரிலிருந்த அமீபா மூளையைத் தாக்கியதில் இறந்துபோனாள். அதன் பிறகு பழைய குளங்களில் குளிப்பது நின்றுபோனது. புதிதாக ஆழ்துளையிட்டு எடுக்கும் சுத்தமான வெந்நீரில் குளிக்க 2006இல் வேறொரு கட்டடம் திறந்தார்கள். அங்கே நீச்சலுடை வேண்டும். அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு, "பார்த்தால் போதும்" என்று துண்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளி வைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனம் என்னவோ போல் ஆகிவிட்டது.

அவருக்கு அந்த ஏமாற்றத்தை மறக்கடித்தது குளம் அல்ல. குளத்தின் பின்னால், வழியில் ஒரு மூலையில் இருக்கும் கலிங்குதான். ஊற்றிலிருந்து மிகுந்து வரும் நீர் வெளியேறுவதற்காக ரோமானியர் கட்டிய கல் வளைவு அது. ஓர் ஆள் குனிந்து நுழையும் உயரம். அதன் வழியாக வெந்நீர் சளசளவென்று பாய்ந்து வந்து விழுகிறது. நீரிலுள்ள இரும்புச்சத்து படிந்து படிந்து கல் முழுவதும் காவி நிறமேறி, சில இடங்களில் செம்மண் சாந்து பூசியதுபோல் தடித்துப்போயிருக்கிறது. முகத்தில் வெக்கை அடிக்கிறது. நெல் அவிக்கும் அண்டாவைத் திறந்தால் வருமே, அப்படி ஓர் ஆவி. அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி அதில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஊற்றில் நீரின் வெப்பம் 46 டிகிரி. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் நீர் வெளிவருகிறது. இங்கிலாந்தில் எரிமலை கிடையாது. அப்படியிருக்க இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று அங்கே விளக்கியிருக்கிறார்கள். தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ள மெண்டிப் மலைகளின் சுண்ணாம்புப் பாறையில் விழும் மழை, வெடிப்புகள் வழியாக இரண்டரை கிலோமீட்டருக்கும் கீழே இறங்குகிறது. பூமியின் உட்சூட்டில் காய்ந்து, அழுத்தத்தால் பாறைப் பிளவின் வழியே மேலேறி, இந்த ஒரு பள்ளத்தில் வந்து பீறிடுகிறது. இன்று வரும் நீர் பத்தாயிரம் ஆண்டுகள் வரைக்கும் முன்னால் விழுந்த மழையாக இருக்கலாம் என்று கணிக்கிறார்கள்.

அதைப் படித்ததும், இந்த ஊரைப் புரிந்துகொள்ள அந்த மலைக்குப் போயாக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். கிணற்றைப் பார்த்தவர்கள் ஏரியைப் பார்க்க வேண்டாமா?

அதற்கு முன்னால் தகடுகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில், கறுத்து நெளிந்த காரீயத் தகடுகள். அவற்றில் முள்ளால் கீறியது போன்ற எழுத்து. 1979லும் 1980லும் ஊற்றின் அடியில் நடந்த அகழாய்வில்தான் இவற்றில் பெரும்பாலானவை கிடைத்தன. மொத்தம் ஏறத்தாழ 130. எல்லாம் சாபங்கள். பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்கள் சூலிஸ் மினர்வாவிடம் போட்ட முறையீடுகள்.

டாசிமெடிஸ் என்பவன் இரண்டு கையுறைகளைத் தொலைத்துவிட்டான். எடுத்தவன் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்று அம்மனிடம் கேட்கிறான். சோலினஸ் என்பவன் குளிக்கும் உடையையும் மேலங்கியையும் பறிகொடுத்தான். எடுத்தவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவனோ, பொருளைக் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கும்வரை அவனுக்குத் தூக்கமும் ஆரோக்கியமும் கிடைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறான். பணப்பையிலிருந்து ஆறு வெள்ளிக் காசுகளை இழந்த ஒருவன், சந்தேகப்படும் பதினெட்டுப் பேரின் பெயர்களையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். எழுதிய தகட்டை மடித்து அல்லது சுருட்டி ஊற்றுக்குள் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு படிக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

நான் படித்து மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் மாறியது. "கொல்லங்குடியில் காசு வெட்டிப் போடுவார்களே, அதுதான் இது" என்றார். திருட்டுக் கொடுத்தவர்கள் ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவதும் அவர் நினைவுக்கு வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரோமாபுரியைப் பற்றிப் பள்ளியில் படித்ததெல்லாம் சீசரும் படையும் சாலைகளும். இங்கே ஒருவன் குளிரில் கையுறையைத் தொலைத்துவிட்டு அம்மனிடம் அழுகிறான். ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து எண்ணூறு வருடம் கழித்தும் அவன் கோபம் ஆறவில்லை.

இவற்றிலும் என்னை அதிகம் உலுக்கியவை எழுத்தே இல்லாத தகடுகள். எழுத்துப்போல் தோற்றமளிக்கும் வெறும் கீறல்கள் அவற்றில் இருக்கின்றன. எழுதத் தெரியாத யாரோ, பக்கத்தில் எழுதுகிறவனின் கையைப் பார்த்து, அதே மாதிரி வரி வரியாகக் கோடு இழுத்துத் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். அவருக்கு என்ன காணாமல் போயிற்று என்று எந்த அறிஞராலும் படித்துச் சொல்ல முடியாது. அம்மனுக்கு மட்டும் தெரிந்திருக்கும். அந்தப் பெட்டியின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன்.

வெளியே வரும் வழியில் ஊற்று நீரைக் குடித்துப் பார்க்கலாம். சுத்திகரித்த நீர்தான், ஆனால் வெதுவெதுப்பாக இருக்கும். 43 தாதுக்கள் அதில் இருக்கின்றன என்கிறார்கள். அம்மா காகிதக் குவளையை ஒதுக்கிவிட்டுச் செம்பை எடுத்துப் பிடித்தார். அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, "துருப்பிடித்த வாளியில் வைத்த தண்ணீர்போல் இருக்கிறது" என்றார். பிறகு இன்னொரு செம்பு குடித்தார். மருந்தென்றால் ருசி பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

மருந்துதானா? நான் இதைப் பற்றிப் பிறகு நிறையத் தேடிப் படித்தேன். 1738இல் ஏழை நோயாளிகளுக்காக இந்த ஊரில் ஒரு தாதுநீர் மருத்துவமனை தொடங்கினார்கள். 1742இல் கட்டடம் திறந்தது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் நடக்க முடியாதவர்களும் கை விழுந்தவர்களும் அங்கே வந்தார்கள். சேரும்போது முன்பணம் கட்ட வேண்டும். குணமானால் அது ஊர் திரும்பும் செலவுக்கு, இறந்துபோனால் அடக்கம் செய்யும் செலவுக்கு. இதைப் படித்தபோது எனக்குக் கையெல்லாம் சில்லிட்டது. எத்தனை பேர் அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே போயிருப்பார்கள்!

அங்கே வந்தவர்களில் ஒரு கூட்டம் பக்கவாதம்போல் கை கால் விழுந்தவர்கள். சாயம் பூசுகிறவர்கள், காரீய வேலை செய்கிறவர்கள், காரீயம் கலந்த ஆப்பிள் மது குடித்த டெவன் பகுதிக் குடியானவர்கள். அவர்களுடைய நோய் காரீய நஞ்சு. மாதக்கணக்கில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார வைத்தார்கள். அவர்களில் பலர் எழுந்து நடந்தார்கள். காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. 1980களில் பிரிஸ்டல் மருத்துவர்கள் ஆட்களைக் கழுத்தளவு நீரில் உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். நீரின் அழுத்தத்தால் சிறுநீர் பல மடங்கு பிரிகிறது. அதோடு உடலிலுள்ள காரீயமும் வெளியேறுகிறது. காரீயத் தகடு பாவிய குளத்து ஊரில், காரீயத்தால் விழுந்த உடல்கள் எழுந்திருக்கின்றன. முழங்கால் தேய்மானத்துக்கு இந்த நீர் மருந்தா என்று தம்பி கேட்டான். வெந்நீரில் உட்கார்ந்தால் மூட்டுக்கு இதம், அவ்வளவுதான் சொல்ல முடியும். அம்மா குடித்த இரண்டு செம்புக்கு நான் எந்த விளக்கமும் கேட்கவில்லை.

இப்போது ஊரின் முகத்துக்கு வருகிறேன். பாத் நகரம் உலகப் புகழ்பெற்றது குளத்தால் மட்டும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வுட் என்ற தந்தையும் அதே பெயருடைய மகனும் கட்டியெழுப்பிய வீதிகளாலும்தான் நகரம் முழுவதுமே 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தேன் நிறச் சுண்ணாம்புக் கல். சர்க்கஸ் என்பது வட்டமாக நிற்கும் 33 வீடுகள், 1754இல் தொடங்கினார்கள். மூன்று மாடிக்கும் மூன்று விதத் தூண்கள், சுற்றிலும் நூற்றுக்கணக்கான சின்னச் சிற்பங்கள். கொஞ்சம் தள்ளி ராயல் கிரெசென்ட், 1767க்கும் 1775க்கும் இடையில் கட்டியது. பிறை வடிவத்தில் 30 வீடுகள், 114 தூண்கள். அதன் முன்னால் புல்வெளியில் நின்றால் பேச்சு வராது. அந்த ஒழுங்கு அப்படி.

கிரெசென்ட்டின் பின்பக்கச் சந்துக்கும் போய்ப் பாருங்கள். நான் இந்தக் கட்டுரை எழுதுவதே அதைச் சொல்லத்தான். வுட் கட்டியது முகப்பை. அதன் பின்னால் அவரவர் தத்தம் வசதிக்கு ஏற்ப வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு வீட்டுக் கூரை மேலே, இன்னொன்று கீழே. ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது, ஒன்று உள்வாங்கியிருக்கிறது. ஜன்னல்கள் வரிசை தப்பி இருக்கின்றன. சுவரோடு சுவராகக் குழாய்கள் இறங்குகின்றன. நம் ஊர் அக்ரகாரங்களின் கொல்லைப்புறம்போல் இருக்கிறது. சமைத்தவர்கள், வெந்நீர் சுமந்தவர்கள், கரி அள்ளியவர்கள் புழங்கிய பக்கம் இதுதான். எனக்கு அந்த ஒழுங்கைவிட இந்த ஒழுங்கின்மை நெருக்கமாக இருந்தது.

முகப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கொல்லைப்புறக் கேள்விதான். சர்க்கஸில் 14ஆம் எண் வீட்டின் சுவரில் ராபர்ட் கிளைவின் பெயர் பொறித்த பலகை இருக்கிறது. 1751இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, முற்றுகையைத் தாக்குப்பிடித்து, அங்கிருந்து தொடங்கி வங்காளம்வரை போய்ப் பெரும் செல்வத்தோடு திரும்பிய அதே கிளைவ். உடல் நலம் தேடி அவர் வந்து தங்கிய வீடு இது. 1774 நவம்பரில் லண்டனில் இறந்தார். ஆற்காட்டுக்காரர் யாராவது இந்தப் பலகையின் முன்னால் வந்து நின்றிருப்பார்களா என்று நினைத்துக்கொண்டேன். ஏவன் ஆற்றின் மேல் இருபுறமும் கடைகளோடு நிற்கும் அழகான புல்டனி பாலம், கரீபியனில் தோட்டங்கள் வைத்திருந்த குடும்பம் கட்டுவித்தது. ஊருக்கு வடக்கே லான்ஸ்டவுன் குன்றில் 1827இல் முடிந்த பெக்ஃபோர்ட் கோபுரத்தின் பணம், ஜமைக்காவில் அடிமைகள் விளைவித்த சர்க்கரை. கோபுரத்திலுள்ள அருங்காட்சியகம் இப்போது இதையும் பேசுகிறது. அழகை ரசிப்பதற்கு இது தடை என்று நான் நினைக்கவில்லை. தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

கல்லுக்கும் கொல்லைப்புறம் உண்டு. ஊருக்குத் தெற்கே கூம் டவுன் குன்றின் வயிற்றைக் குடைந்துதான் நகரத்தை எடுத்தார்கள். ரால்ஃப் ஆலன் என்பவர் அந்தக் குன்றிலிருந்து ஆற்றங்கரைவரை மரத் தண்டவாளம் போட்டு, கல்லை வண்டியில் இறக்கினார். தம் கல்லின் தரத்தை ஊருக்குக் காட்ட பிரையர் பார்க் என்ற மாளிகையையும் குன்றின் சரிவில் கட்டினார். அவர்கள் விட்டுப்போன சுரங்கங்களின் மேல் பிறகு வீடுகள் வந்துவிட்டன. கூரை எங்கே இடிந்து விழுமோ என்ற அச்சத்தில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நுரைக் கான்கிரீட் ஊற்றி அவற்றை நிரப்பினார்கள். அங்கே வாழும் குதிரைலாட வௌவால்களுக்கு மட்டும் வழிகளை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் தனியாக நியூ கிங் ஸ்ட்ரீட் 19ஆம் எண் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குப் படியேற முடியவில்லை. குறுகலான, சாதாரண வாடகை வீடு. இங்கே ஜெர்மனியிலிருந்து வந்த வில்லியம் ஹெர்ஷல் என்ற இசைக்கலைஞர் குடியிருந்தார். பகலில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பது, பாட்டுச் சொல்லிக் கொடுப்பது. இரவில் வானத்தைப் பார்ப்பது. 1781 மார்ச் 13 இரவு இந்த வீட்டுத் தோட்டத்தில், தம் கையால் செய்த தொலைநோக்கியில் நகரும் ஒரு புள்ளியைக் கண்டார். அதுதான் யுரேனஸ். சனிக்கு அப்பால் ஒன்றுமில்லை என்றிருந்த சூரியக் குடும்பம் அன்று இரண்டு மடங்கானது. கையகலத் தோட்டம். மல்லாந்து பார்த்தால் அக்கம்பக்கத்துக் கூரைகளுக்கு நடுவே கொஞ்சம் வானம். ஒரு கிரகம் கொல்லைப்புறத்தில் கிடைத்தது என்று நான் சொன்னால் அது உவமை அல்ல.

தோட்டத்தை ஒட்டிய பட்டறையில் தரையைக் குனிந்து பாருங்கள். கல் பலகைகள் வெடித்துக் கிடக்கின்றன. அதே வருடம் ஆகஸ்டில் தொலைநோக்கிக்கான பெரிய உலோகக் கண்ணாடி ஒன்றை வார்க்க முயன்றபோது உலை உடைந்து, உருகிய உலோகம் தரையில் ஓடி, சூட்டில் கற்கள் வெடித்துச் சிதறின. வார்ப்பதற்கான அச்சு குதிரைச் சாணத்தில் செய்தது. அதை இடித்துச் சலித்துக் கொடுத்தவர் தங்கை கரோலின். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் வளர்ச்சி நின்று நாலேகால் அடி உயரமே இருந்த பெண். அண்ணன் கண்ணாடியைத் தேய்க்கும்போது பதினாறு மணி நேரம்கூட கையை எடுக்க முடியாது. அவர்தான் பக்கத்தில் நின்று வாயில் உணவு ஊட்டுவார். பாடகியாக வர ஆசைப்பட்டவர், அண்ணனுக்குத் துணையாக வானியலுக்கு வந்தார். பிறகு எட்டு வால்மீன்களைத் தாமே கண்டுபிடித்தார். 1787இல் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார். அறிவியல் வேலைக்காகச் சம்பளம் பெற்ற பெண் இங்கிலாந்தில் அதற்கு முன் இல்லை. அந்த வெடித்த கல்லில் விரல் வைத்தேன். சாணம் சலித்த கை என் நினைவிலிருந்து போகவில்லை.

பாத் தேவாலயத்தின் முகப்பில் தேவதைகள் கல் ஏணியில் ஏறி இறங்குகிறார்கள். 1499இல் தொடங்கிய கட்டடம், விசிறிபோல் விரியும் கூரை. எட்கர் மன்னர் 973இல் முடிசூடிய தேவாலயம் இதே இடத்தில்தான் இருந்தது. தரைக்கடியில் ஆயிரக்கணக்கான உடல்களைப் புதைத்திருந்ததால் தரை அமுங்கத் தொடங்கியதாம். அண்மையில் அதைச் சரிசெய்தவர்கள், ரோமானியர் வடிகாலில் வீணாக ஓடும் வெந்நீரின் சூட்டை எடுத்துத் தேவாலயத்தைக் கதகதப்பாக்கும் ஏற்பாட்டையும் செய்துவிட்டார்கள். அம்மா பலகையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "கலிங்குத் தண்ணீரா இது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்கு அதில் பெரிய திருப்தி.

சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் போகும் இடங்களுக்கு நாங்களும் போனோம். லேகாக் மடாலயத்தில், புகைப்படக் கலையின் முன்னோடியான டால்பட் 1835இல் படமெடுத்த ஜன்னலைப் பார்த்தோம். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புகைப்பட எதிர்ப்படிவம் (நெகட்டிவ்) அந்த ஜன்னலுடையதுதான். ஒரு பெரிய தபால் தலை அளவு. பிராட்ஃபோர்ட் ஆன் ஏவனில் ஆங்கிலோ-சாக்ஸன் காலத்துச் சின்னத் தேவாலயம், வீட்டுப் பூஜையறைபோல் இருந்தது. இரண்டும் நன்றாக இருந்தன. ஆனால் என் மனம் மெண்டிப்பில் இருந்தது.

தம்பி காரில் அழைத்துப் போனான். மேலே ஏறினால் மரம் குறைந்த மேட்டு நிலம், கல் வேலி, ஆடுகள், காற்று. சார்ட்டர்ஹவுஸ் என்ற இடத்தில் இறங்கினோம். ரோமானியர் பிரிட்டனுக்குள் வந்தது கி.பி. 43இல். ஆறு வருடத்துக்குள், அதாவது கி.பி. 49க்குள், இந்த மலையில் காரீயம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். பேரரசரின் பெயர் அச்சிட்ட காரீயப் பாளங்கள் கிடைத்திருக்கின்றன. கையுறையைத் தொலைத்தவன் கீறிய தகட்டின் காரீயமும், குளத்தின் அடியில் இன்னும் நீரைத் தாங்கும் காரீயமும் பெரும்பாலும் இங்கிருந்துதான் போயிருக்கும். இருபது மைல் தூரம்கூட இருக்காது. மழையும் இந்த மலை கொடுத்தது, மழையைத் தேக்கிய தகடும் இந்த மலை கொடுத்தது.

இப்போது அங்கே சுரங்கம் எதுவும் ஓடவில்லை. நிலம் முழுவதும் குண்டும் குழியுமாக, வயலில் பன்றி கிண்டியதுபோல் கிடக்கிறது. ரோமானியருக்குப் பிறகும் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை தோண்டியிருக்கிறார்கள். ஓரிடத்தில் காலடியில் கண்ணாடிபோல் மின்னும் கறுப்புக் கசடு குவிந்திருந்தது. அம்மா ஒரு துண்டை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் நீலமும் பச்சையும் ஓடியது, உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள். உள்ளங்கையில் அதன் எடை தெரிந்தது. "நஞ்சு அம்மா, கையைக் கழுவ வேண்டும்" என்றான் தம்பி. அவர் அதைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டார்.

மதியம் வெல்ஸ் ஊருக்கு இறங்கினோம். அங்கே தேவாலயத்தின் நடுக்கோபுரம் அமுங்கத் தொடங்கியபோது, 1338க்கும் 1348க்கும் இடையில் கத்தரிக்கோல்போல் குறுக்கிட்டு நிற்கும் வளைவுகளை உள்ளே கட்டி அதை நிறுத்தினார்கள். இன்றும் நிற்கிறது. அதைவிட அம்மாவுக்குப் பிடித்தது கடைத்தெருதான். தெரு ஓரக் கல் வாய்க்கால்களில் தெளிந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊரின் பெயரே ஊற்றுகள் என்பதுதான். ஊற்று நீரைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவர் பதினைந்தாம் நூற்றாண்டுப் பிஷப் ஒருவர். அம்மா குனிந்து தொட்டுப் பார்த்தார். பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தது.

இதுவும் அதே மெண்டிப் மழைதான். குகைகளின் வழியே சீக்கிரம் வந்துவிடும் மழை இங்கே குளிர்ந்து ஓடுகிறது. ஆழத்துக்கு இறங்கிவிட்ட மழை ஆயிரக்கணக்கான வருடம் கழித்து பாத் நகரத்தில் வெந்நீராக எழுகிறது. ஒரே மேகத்தின் பிள்ளைகள் இரண்டும்.

திரும்பும் வழியில் ப்ரிடி என்ற மேட்டு ஊரின் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. வயலோரத்தில் ஒரு சின்ன ஓடை ஓடிப் போய், பாறைக்கடியில் இருந்த ஒரு பொந்துக்குள் இறங்கிக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. தம்பி குடையைப் பிடிக்க, அம்மா அவன் தோளைப் பற்றிக்கொண்டு அந்தச் சேற்றில் மெல்ல நடந்துவந்து எட்டிப் பார்த்தார். உள்ளே இருட்டு. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"இது எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டார்.

பெரும்பாலும் கீழே உள்ள குகை வழியாக ஆற்றுக்குத்தான் போகும் என்றான் தம்பி. அம்மா கைப்பையைத் திறந்தார். செம்பில் பாத் ஊற்று நீர் கொஞ்சம் மிச்சமிருந்தது. வாய்க்குத் துணி கட்டி வைத்திருந்தார். துணியை அவிழ்த்து, பொந்துக்குள் மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிட்டு, செம்பை மழையில் பிடித்து அலம்பினார்.